உறையிலிருந்து தொடங்கும் பொங்கல் வாழ்த்து அட்டை

மார்கழி பிறந்த சில நாள்களிலேயே ஸ்டேஷனரி கடை வாசலில் கயிறு கட்டி, அதில் வரிசையாகப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. ஏர் உழும் காளைகள், கோலமிட்ட வாசல், நடிகர்களின் முகங்கள் என்று பெரும்பாலும் சிவகாசியில் அச்சான அந்த அட்டைகளில் யாருக்கு எது பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதற்கே ஒரு மாலைப்பொழுது வேண்டியிருக்கும். இப்போது அந்தக் கயிறுகள் பெரும்பாலான ஊர்களில் இல்லை. வாழ்த்து கைபேசிக்கு வந்து, அடுத்த வாழ்த்து வந்ததும் மேலே நகர்ந்துவிடுகிறது. ஆனாலும் ஒருவர் பெயரை நினைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து, தாளை அளந்து, வெட்டி, மடித்து, ஒட்டி அனுப்பும் அட்டையை வாங்கியவர்கள் எளிதில் தூக்கிப் போடுவதில்லை என்பதைப் பல வீட்டு அலமாரிகளில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வீட்டிலேயே பொங்கல் வாழ்த்து செய்யும் முறையை, முதன்முறையாகச் செய்பவரும் தடுமாறாதபடி, இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கையால் அட்டை செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் படத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். அட்டை முழுவதும் முடிந்த பிறகு உறை தேடிக் கடைக்குப் போனால், எந்த உறையிலும் அது அடங்காது. சற்றே பெரிய உறையில் போட்டால் உள்ளே ஆடி முனைகள் மடங்கும். சிறிய உறையில் திணித்தால் ஓரம் கசங்கும். ஆகவே முதலில் உறையை வாங்குங்கள். கடைகளில் சி6 என்ற அளவில் கிடைக்கும் உறை 114 மி.மீ. அகலமும் 162 மி.மீ. நீளமும் கொண்டது. அதனுள் 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. நீளமும் உள்ள அட்டை, அதாவது ஏ5 தாளை இரண்டாக மடித்தால் வரும் அட்டை, இறுக்கமும் தளர்வும் இல்லாமல் உட்காரும். இனி வரும் அளவுகள் எல்லாம் இந்த ஓர் உறையை வைத்தே சொல்லப்படுபவை.

தாளும் அதன் நாரோட்டமும்

சாதாரண ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற அளவு) இருக்கும். அதை அட்டையாக நிறுத்தினால் வளைந்துவிடும். வெளி அட்டைக்கு 200 முதல் 250 ஜிஎஸ்எம் வரையிலான தாள் போதும். 300-ஐத் தாண்டினால் வீட்டுக் கத்தரிக்கோலுக்கும் மடிப்புக்கும் அது அடங்காது. பளபளப்பான தாளைத் தவிர்ப்பது நல்லது. அதில் ஜெல் பேனா மை காய்வதற்கு நேரமாகும், கை பட்டதும் இழுபடும்.

தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. ஆலையில் கூழ் ஓடும் போக்கிலேயே நார்கள் படிந்துவிடுவதால், அந்தத் திசையோடு இணையாக மடித்தால் மடிப்பு நேராகவும் மென்மையாகவும் விழும். குறுக்கே மடித்தால் தடித்த தாளில் மடிப்பின் மேல் பிசிறுகளும் வெள்ளை வெடிப்புகளும் தோன்றும். தாளின் நாரோட்டத்தை அறிய அதை மடிக்க வேண்டியதில்லை. இரண்டு எதிர் ஓரங்களையும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள், பிறகு தாளைத் திருப்பி மற்ற இரண்டு ஓரங்களையும் அதேபோல் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கைக்கு எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோடு ஓடும் திசைதான் நாரின் திசை. கண்டுபிடித்தவுடன் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு சிறு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெட்டிய துண்டுகள் கலந்துவிட்டால் மறுபடியும் எல்லாவற்றையும் வளைத்துப் பார்க்க வேண்டிவரும்.

ஏ4 அளவில் விற்கும் தாள்களில் நார் பெரும்பாலும் நீண்ட பக்கத்தோடு, அதாவது 297 மி.மீ. பக்கத்தோடு ஓடும். அந்த நீண்ட பக்கத்தின் நடுவில் குறுக்கே பாதியாக வெட்டினால் 210க்கு 148 அளவுள்ள இரண்டு ஏ5 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் நார் 148 மி.மீ. பக்கத்தோடு ஓடும். அந்தத் துண்டின் 210 மி.மீ. பக்கத்தைப் பாதியாக மடித்தால் மடிப்புக்கோடும் 148 மி.மீ. பக்கத்தோடு இணையாக விழுவதால், நாரோட்டத்தை மடிப்பு தானாகவே பின்பற்றிவிடுகிறது. ஏ4 தாளை வெட்டாமல் அப்படியே இரண்டாக மடித்துப் பெரிய அட்டை செய்பவர்களுக்கு மடிப்பு வெடிப்பதற்குக் காரணம், அந்த மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுவதுதான். சிறிய அட்டையை நான் விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மடிப்பு

தடித்த தாளை விரலால் நேராக மடிக்கக் கூடாது. முதலில் மடிப்புக்குத் தடம் போட வேண்டும். மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா இதற்கு மிகவும் ஏற்றது. அதன் குண்டு முனை தாளைக் கிழிக்காமல் அழுத்தும். பழைய தினசரி காலண்டரின் அட்டையை அடியில் வைத்து, அதன்மேல் நான்காக மடித்த செய்தித்தாளைப் பரப்பி, அதன்மேல் தாளை வையுங்கள். ஸ்டீல் ஸ்கேலை 105 மி.மீ. கோட்டில் வைத்து, காலியான பேனாவால் ஒரே அழுத்தத்தில் இரண்டு முறை இழுங்கள். கீழே மெத்தென்று இருப்பதால் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் விழும். மேடு உட்புறமாக வருமாறு மடிப்பதுதான் சரியான முறை. பள்ளம் உட்புறமாக வருமாறு மடித்தால் வெளிப்புறத்தில் நார் இழுபட்டுத் தாள் கிழிய வாய்ப்பு உண்டு. பிறகு ஒரு ஸ்பூனின் பின்புறத்தால் மடிப்பின் மேல் மெல்லத் தேய்த்து விடுங்கள். நகத்தால் தேய்த்தால் பளபளப்பான கோடு விழும்.

பொங்கி எழும் பானை

அட்டையைத் திறக்கும்போது பானை எழுந்து நிற்பது செய்வதற்கு எளிது, பார்ப்பதற்குப் பெரிது. இதற்கு இரண்டு தாள்கள் வேண்டும். வெளித்தாள் நாம் மேலே மடித்துவைத்த 200 ஜிஎஸ்எம் அட்டை. உள்தாள் சற்றே மெலிந்த, 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரையிலான தாள். ஓரங்களில் வெளித்தாளுக்குள் அடங்கும்படி 206க்கு 144 என்று இரண்டிரண்டு மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். உள்தாளையும் 103 மி.மீ. கோட்டில் தடம் போட்டு மடியுங்கள்.

மடித்த உள்தாளை, மடிப்பு உங்கள் பக்கம் இருக்குமாறு மேசையில் வையுங்கள். மடிப்பின் நடுவிலிருந்து இரு பக்கமும் 10 மி.மீ. அளந்து, அந்த இரண்டு இடங்களிலிருந்தும் மடிப்புக்குச் செங்குத்தாக 25 மி.மீ. நீளத்துக்கு, இரண்டு அடுக்குகளும் சேர்ந்து வெட்டுப்படும்படி கத்தரியால் வெட்டுங்கள். வெட்டின் முடிவுகளை இணைத்துப் பேனாவால் தடம் போட்டு, நடுப்பட்டையை முன்னும் பின்னும் ஒருமுறை மடித்துப் பழக்குங்கள். பிறகு தாளைத் திறந்து, அந்தப் பட்டையை உட்புறமாகத் தள்ளி மடிப்பைத் திருப்பிவிடுங்கள். தாளைச் சரி பாதியாகத் திறந்து பிடித்தால், ஒரு சிறு படிக்கட்டு முன்னால் வந்து நிற்கும். அந்தப் படியின் செங்குத்தான முகத்தில்தான் பானையை ஒட்டப்போகிறோம்.

இங்கே ஒரு கணக்கைத் தவறவிட்டால் அட்டை மூடும்போது பானையின் தலை வெளியே நீட்டும். அட்டை மூடும்போது பானையின் அடிப்பகுதி மடிப்பிலிருந்து வெட்டின் நீளம் அளவுக்கு, அதாவது 25 மி.மீ. தள்ளி நிற்கும், பானையின் உயரம் அதற்கு மேல் போகும். ஆகவே வெட்டின் நீளத்தையும் பானையின் மொத்த உயரத்தையும் கூட்டினால் வரும் தொகை அட்டையின் 105 மி.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும். ஓரத்துக்கு 5 மி.மீ. விட்டால் பானையும் அதன் மேல் நிற்கும் நுரையும் சேர்ந்து 75 மி.மீ.க்கு மிகக் கூடாது. வேறு அளவில் அட்டை செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

பானையைச் செங்கல் நிறத் தாளில் வெட்டுங்கள். தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் ஓரத்தில் பாதிப் பானையை மட்டும் வரைந்து வெட்டினால் இரு பக்கமும் ஒத்திருக்கும். வாய் சற்று விரிந்து, கழுத்து குறுகி, வயிறு பருத்துச் சரியும் அந்த வளைவுதான் பானைக்குக் களை. கழுத்தை விட்டுவிட்டு வெறும் வட்டமாக வெட்டிவிட்டால் அது உருண்டையாக மட்டுமே தெரியும். கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டியிருப்பதுபோல் மெல்லிய பச்சைத் தாளில் இரண்டு மூன்று நீண்ட இலைகளும், மஞ்சள் தாளில் ஒரு சிறு கிழங்கும் வெட்டி ஒட்டுங்கள்.

நுரைக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். தடித்த வெள்ளைத் தாளைக் கையாலேயே மெல்லக் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் நார்கள் மெத்தென்று வெளியே தெரியும்; கத்தரித்த ஓரத்தில் அந்த மென்மை வராது. கிழித்த துண்டை வாயின் விளிம்புக்கு உள்ளிருந்து மேலே எட்டிப் பார்க்குமாறு ஒட்டி, இன்னொரு சிறு துண்டைப் பக்கவாட்டில் வழிவதுபோல் ஒட்டினால், பானை பொங்கும் கணம் அட்டையில் வந்துவிடும். பொங்கி வழியும்போதுதான் வீட்டில் எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று குரல் கொடுக்கிறோம் அல்லவா. அந்த வழிவு இல்லாத பானை எனக்கு எப்போதும் குறைபட்டதாகவே தோன்றும்.

கரும்பை நடுப்பானைக்குப் பக்கத்தில் பின்சுவரில் ஒட்டலாம். பன்னீர்க் கரும்பின் கருஞ்சிவப்பு நிறத்தில் 4 மி.மீ. அகலப் பட்டைகளை வெட்டி, கணுக்களைப் பேனாவால் வரையுங்கள். கணுக்களுக்கிடையே இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும். சரிசமமாகப் போட்டால் கரும்பின் இயல்பு போய்விடும். தோகையை மேலே நீட்டிவிடாமல் வளைத்து ஒட்டினால் ஓரக் கணக்குக்குள் அடங்கும்.

கடைசியில் உள்தாளை வெளித்தாளுக்குள் ஒட்ட வேண்டும். தண்ணீர்ப்பதம் மிகுந்த வெள்ளைப் பசையை, ஃபெவிகால் போன்றதை, பெரிய பரப்பில் தடவினால் தாள் நாருக்குக் குறுக்கே விரிந்து அலை அலையாகிவிடும். பெரிய பரப்புக்குக் குளூ ஸ்டிக் அல்லது இருபக்க டேப்பைப் பயன்படுத்துங்கள். பானை, இலை போன்ற சிறு துண்டுகளுக்கு மட்டும் வெள்ளைப் பசையைத் தீக்குச்சி முனையால் புள்ளி வைப்பதுபோல் வையுங்கள். படி எழும் பட்டைக்குப் பின்னால் பசை படவே கூடாது. பட்டால் பானை எழாது. முதலில் ஒரு பாதியை ஒட்டி, அட்டையை மூடி, மடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, மறுபாதிக்குப் பசை தடவி அதன் மேல் மூடி அழுத்துங்கள். பிறகு இரண்டு கனமான புத்தகங்களுக்கிடையே ஓர் இரவு வைத்துவிட வேண்டும். அந்தக் காலத்துப் பைண்டிங் கடைகளில் மைதா பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு; குழந்தைகள் கைவைக்கும் வீட்டு மேசைக்கு அது வேண்டாம்.

முகப்பில் ஒரு கோலம்

அட்டையின் முகப்புக்கு ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. நோட்டுப் புத்தகத்துக்குப் போடும் பிரவுன் அட்டைத்தாள் அப்படியே செம்மண் பூசிய வாசல்போல் இருக்கும். அதில் 80 மி.மீ. சதுரத்தை வெட்டி, வெள்ளை ஜெல் பேனாவால் புள்ளிக் கோலம் போட்டு, முகப்பில் ஒட்டுங்கள். ஏழு புள்ளி, இடைப்புள்ளி நான்கு வரை என்ற கோலம் இந்த அளவுக்குப் பொருத்தமானது: நடுவரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைந்து, மொத்தம் 37 புள்ளிகள் அறுகோணமாக நிற்கும். புள்ளிக்குப் புள்ளி 8 மி.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 7 மி.மீ. வைக்க வேண்டும், இரண்டுக்கும் 8 வைத்தால் கோலம் மேல்கீழாக நீண்டுவிடும். வாசலில் போடும்போது கண்ணும் கையும் தாமாகவே செய்துகொள்ளும் இந்தத் திருத்தம் சிறிய தாளில் அளந்துதான் வரும்.

பத்து அட்டை செய்வதானால் ஒவ்வொன்றிலும் புள்ளி அளக்க வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் ஒருமுறை 37 புள்ளிகளையும் சரியாக வைத்து, அதைப் பிரவுன் தாளின் மேல் வைத்து, தையல் ஊசியால் ஒவ்வொரு புள்ளியிலும் குத்துங்கள். நான்கு தாள்களை அடுக்கினால் நான்கிலும் துளை விழும். அந்தத் துளைகளைச் சுற்றிக் கம்பி இழுத்துச் சிக்குக் கோலம் போடலாம். புள்ளிகளை இணைத்துப் பூக்கோலமும் போடலாம். வெள்ளை மை காய்வதற்கு முன் அடுத்த வளைவை இழுத்தால் கை பட்டு அழியும், ஆகவே இடது மேல்மூலையிலிருந்து தொடங்கி வலது கீழ்மூலைக்கு வாருங்கள். இடது கைக்காரர்கள் இதை வலது மேல்மூலையிலிருந்து தொடங்க வேண்டும்.

குழந்தைகளுக்கு ஊசியும் கத்தியும் தராமல், நுரை கிழிப்பதையும் கோலத்துக்கு வண்ணம் தீட்டுவதையும் கொடுக்கலாம். ஜிகினாத் தூளைக் கொடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அது உறையிலும் வாங்குபவரின் உடையிலும் உதிரும். கண்ணாடிச் சில்லு, முத்து, பருப்பு போன்ற மேடான பொருள்களையும் தவிர்க்க வேண்டும். ஒரு வருடம் நான் பானைக் கழுத்தில் சிறு கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி அனுப்பினேன். தபால் மூட்டைகளில் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தியதில் சில்லு உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அட்டை பாதி கிழிந்து போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் அதை என்னிடம் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தார். அவர் வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். அன்றிலிருந்து நான் செய்யும் அட்டையில் தாளைத் தவிர வேறொன்றையும் ஒட்டுவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு இதே அளவு அட்டையில் மேடுபள்ளமான நட்சத்திரம் ஒன்று செய்யலாம். ஐந்து முனை நட்சத்திரத்தை வெட்டி, நடுவிலிருந்து ஐந்து முனைகளுக்கும் மேடாகவும், ஐந்து உள்மூலைகளுக்கும் பள்ளமாகவும் தடம் போட்டு மடித்தால், வீட்டு வாசலில் தொங்கும் தாள் நட்சத்திர விளக்கைப் போல அது புடைத்து நிற்கும். ஓரங்களில் மட்டும் பசை தொட்டு ஒட்டினால் போதும். உலகின் முதல் அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவருக்காக உருவானது. அவருக்கு அதற்கான காரணம், வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லாதது. கையால் செய்பவர்களுக்கு அந்த நேரம்தான் முதலீடு.

வாசகம்

உள்ளே எழுத வேண்டியதை அட்டை செய்வதற்கு முன்பே வேறொரு தாளில் எழுதிப் பாருங்கள். "தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்ற வரி எல்லோருக்கும் பொருந்தும் என்பதாலேயே யாருக்கும் தனியாகச் சேராது. அதை எழுதுங்கள், ஆனால் அதன் கீழே அவருக்கு மட்டும் உரிய ஒரு வரியைச் சேருங்கள்: அத்தைக்கு, அவர் அனுப்பிய வடகம் தீர்ந்துவிட்டது என்று, ஊர் மாறிப்போன பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அவர் வைத்துப்போன செம்பருத்தி இந்த வருடம் மொட்டு விட்டது என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற வேலை எல்லாம்.

தமிழ் எழுத்துகளில் புள்ளியும் கி, கீ போன்றவற்றின் சுழியும் மேலே ஏறும், கு, மு, டு போன்றவை கீழே இறங்கும். ஆகவே வரிகளுக்கிடையே எழுத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு இடம் விட வேண்டும். நான்கு மி.மீ. உயர எழுத்துக்கு எட்டு மி.மீ. இடைவெளியில் பென்சிலால் மெல்லக் கோடு போட்டு, எழுதிய பிறகு மை நன்கு காய்ந்ததும் ரப்பரால் அழித்துவிடலாம். எழுத்து அழகாக இல்லையே என்று தயங்கிக் கணினியில் அச்சிட்டு ஒட்டிவிடாதீர்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தவுடனே அவருக்கு உங்கள் முகம் தோன்றும்.

எடையும் நாளும்

சாதாரணக் கடிதத்துக்கு முதல் கட்டணம் 20 கிராம் வரைதான். அதைத் தாண்டினால் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும். கட்டணம் குறைந்தால் அதைப் பெறுபவரிடமிருந்து வசூலிக்க நேரும், வாழ்த்துக்கு அது அழகல்ல. வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் எடையைக் கணக்கிடலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, ஏ5 தாள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. 200 ஜிஎஸ்எம் வெளித்தாள் சற்றேறக்குறைய 6 கிராம், 160 ஜிஎஸ்எம் உள்தாள் 5 கிராம், உறை நான்கைந்து கிராம், பானையும் கரும்பும் கோலச் சதுரமும் சேர்ந்து ஓரிரு கிராம். பதினெட்டுக்குள் அடங்கிவிடும். வெளித்தாளை 300-ஆகவும் உள்தாளை 200-ஆகவும் மாற்றினால் இருபதைத் தாண்டிவிடும்.

முகவரியில் ஆறிலக்கப் பின்கோடு தவறாமல் எழுதுங்கள். தமிழ்நாட்டு எண்கள் 6-இல் தொடங்கும். கட்டம் கட்டமாக விட்டு எழுதினால் படிப்பதற்கு எளிது. உறையின் பின்புறம் உங்கள் முகவரியும் இருக்க வேண்டும். தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15-இல் வரும் என்பதால், உள்ளூருக்கு ஜனவரி முதல் வாரத்துக்குள்ளும், வெளிநாட்டுக்கு டிசம்பர் முதல் வாரத்துக்குள்ளும் தபாலில் சேர்த்துவிடுவது என் வழக்கம். அதற்கேற்பக் கார்த்திகை பிறப்பதற்குள் தாளையும் உறையையும் வாங்கிவைத்து, ஒரு மாலையில் வெட்டுவது, அடுத்த மாலையில் மடிப்பது, பிறகு ஒட்டுவது என்று பிரித்துக்கொண்டால் பத்து அட்டைகளும் களைப்பில்லாமல் முடியும். ஓர் அட்டையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதைவிட இந்த முறையில் அளவும் பிசகாது.

எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு ஓர் அட்டையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்புறத்தில் வெட்டின் நீளம், பானையின் உயரம், எந்தக் கடையின் எந்தத் தாள், தபாலில் போட்ட நாள், யார் யாருக்கு அனுப்பியது என்று பென்சிலால் குறித்து, புள்ளி குத்திய கணக்கு நோட்டுத் தாளையும் அதற்குள் மடித்து வையுங்கள். அடுத்த மார்கழியில் அந்த அட்டையைத் திறந்தால் போதும், மேசை தயாராகிவிடும்.